தர்மபுரி டவுன்ல டெலஸ்கோப் வச்சு ஜனங்களுக்கு வானம் காட்டலாமா? யாராச்சும் பண்ணியிருக்கீங்களா?

நாலுரோடு_பையன்:

வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை, நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

சொந்த ஊர் தர்மபுரி, பொழப்பு பெங்களூர்ல. போன நவம்பர்ல ஒருநாள் ஆபீஸ் முடிஞ்சு ரூமுக்கு நடந்து போறப்போ ஒரு பார்க் கேட்டாண்ட ஒரு பெரியவர் டெலஸ்கோப்ப நட்டு வச்சுகிட்டு போறவங்க வர்றவங்கள எல்லாம் "பன்னி, நோடி"ன்னு கூப்டுட்டு இருந்தாரு (கன்னடத்துல வாங்க பாருங்கன்னு அர்த்தம்ங்க, திட்டறாருன்னு நினைச்சுக்காதீங்க). நானும் சும்மா போய் கண்ண வச்சேன். மஞ்சளா சின்னதா ஒரு உருண்டை, அதுல குறுக்கால ஊசி சொருகுன மாதிரி ஒரு கோடு. சனி கிரகம்னாரு, அந்த கோடுதான் வளையமாம். சுத்தி ஆட்டோ ஹாரன், பானிபூரி வண்டி, தலைக்கு மேல தெருவிளக்கு, அதுக்கு நடுவுல சனி. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு.

அதுலருந்து ஒரே யோசனை, பெங்களூர்ல பாக்கறாங்க, மெட்ராஸ்ல பீச்ல வச்சு காட்டறாங்களாம், நம்ம ஊர்ல எந்த மனுஷனாச்சும் இப்படி ரோட்டுல வச்சு காட்டியிருக்கானா? நான் படிச்ச காலத்துல சனிக்கிரகம்னா அறிவியல் புக்ல இருந்த படம் மட்டும்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்துருக்கேன், 2026 ஜனவரி 26 திங்கக்கிழமை லீவு, அன்னிக்கு ஒருநாள் சாயந்தரம் வச்சு பாக்கலாம்னு இருக்கு. கேள்வி என்னன்னா,

டவுன்ல வெளிச்சம் ஜாஸ்தி, ஹைமாஸ் லைட்டு கண்ண கூசுது, இதுல ஏதாச்சும் தெரியுமா இல்ல வத்தல்மலை பக்கம் போய்தான் ஆகணுமா? அப்புறம் எங்கிட்ட ஆன்லைன்ல வாங்குன ஒரு டெலஸ்கோப் இருக்கு, 76 எம்எம், டப்பால 525 மடங்குன்னு போட்டிருந்துச்சு, அதுல இதுவரைக்கும் நான் தெளிவா பாத்தது எதுத்த வீட்டு தண்ணி டேங்க் மட்டும்தான். வேற வாங்கணும்னா இருபதாயிரம் வரைக்கும் போடலாம். ஜனங்க வருவாங்களா, வந்தா எப்படி சமாளிக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஓசூர்_மொட்டமாடி:

தம்பி மொதல்ல அந்த 525-ஐ மறந்துடுங்க. உங்க குழாய் 700 எம்எம் குவியதூரம். கூட ஒரு 4 எம்எம் ஐபீஸ் (கண்ண வச்சு பாக்கற லென்ஸு) குடுத்துருப்பான், 700-ஐ 4-ஆல வகுத்தா 175, அதோட 3 மடங்கு பார்லோ (மடங்க கூட்டற லென்ஸு) ஒண்ணு, 175 மூணு தடவை 525, கணக்கு கரெக்ட் தான் ஆனா பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. கண்ணாடி எத்தன மில்லிமீட்டரோ அதுல ரெண்டு பங்குதான் அதிகபட்சம், உங்களுக்கு 150, அதுவும் வானம் அசையாம இருக்கற நாள்ல. பேராசை பட்டு ஜூம் பண்ணா கலங்குன குட்டைல நிலாவ பாக்கற மாதிரி இருக்கும்.

அந்த 4 எம்எம்மையும் பார்லோவையும் எடுத்து பீரோல பூட்டிடுங்க. 20 எம்எம் ஐபீஸ் இருக்கும் பாருங்க, அத போடுங்க, 35 மடங்கு. நிலா முழுசா ஒரே வட்டத்துக்குள்ள அடங்கி நிக்கும். வியாழன் சின்ன உருண்டையா தெரியும், பக்கத்துல அதோட நிலாக்கள் புள்ளி புள்ளியா வரிசையா நிக்கும். ஜனங்களுக்கு இது போதும்ங்க, சத்தியமா போதும்.

தண்ணி டேங்க் மட்டும் தெரிஞ்சதுக்கு காரணம் ஃபைண்டர் (குறி பாக்க குழாய் மேல மாட்டியிருக்கற குட்டி டெலஸ்கோப்) சரியா இல்லாததுதான், பத்துல ஒம்போது பேருக்கு அதான் பிரச்சனை. பகல்ல, நல்லா வெளிச்சம் இருக்கறப்போ, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற செல்போன் டவர் உச்சிய மெயின் குழாய்ல நடு சென்டர்ல கொண்டாங்க, அப்புறம் ஃபைண்டரோட சின்ன ஸ்க்ரூவ திருகி அதே உச்சிய குறுக்கு கோட்டுல கொண்டாங்க. இத ராத்திரி நிலாவ வச்சு பண்ணலாம்னு பாத்தா அது நகந்துகிட்டே இருக்கும், கடுப்புதான் வரும். ஸ்டாண்டு ஆடும், கண்டிப்பா ஆடும், நடுவுல ஒரு பையில ரெண்டு செங்கல்ல போட்டு தொங்க விடுங்க.

புதுசா வாங்கறதா இருந்தா டாப்சோனியன் ஸ்டாண்டுல (மேல கீழ, பக்கவாட்டுல கையால திருப்பற சாதா ஸ்டாண்டு) 5 இன்ச் கண்ணாடி கிடைச்சா வாங்குங்க, 6 இன்ச் உங்க பட்ஜெட்ட தாண்டலாம். ஈக்வடோரியல் ஸ்டாண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அத துருவ நட்சத்திரத்த பாத்து நிறுத்தணும். அமெரிக்காக்காரனுக்கு அது வானத்துல பாதி உயரத்துல நிக்குது, நமக்கு 12 டிகிரி, கைய நீட்டி முஷ்டிய மடக்குனா ஒரு முஷ்டி ஒசரம் அவ்ளோதான். எதுத்தாப்புல ஒரு மாடி வீடு இருந்தா காலி. நான் அந்த தப்ப பண்ணி ரெண்டு வருஷம் வீணாக்குனவன், அனுபவத்துல சொல்றேன்.

இன்னொண்ணு, 26-ந்தேதி அரை நிலா. தேதி செலக்சன் சூப்பர், ஆனா அன்னிக்கு ஏழு மணிக்கு நிலா உச்சந்தலைக்கு நேரா இருக்கும், குழாய நட்டுக்குத்தலா நிமித்துனா உங்க ஸ்டாண்டு கால்ல இடிக்கும். எட்டரைக்கு மேல மேற்க சாஞ்சதும் நிலாவ காட்டுங்க. அதுக்கு முன்ன ஏழுல இருந்து கிழக்க வியாழன். மொட்டமாடி வேண்டாம், பகலெல்லாம் வெயில் குடிச்ச தளம் ராத்திரி பூரா சூட்ட கக்கும், அதுக்கு மேல படம் நெளியும். மண்ணு கிரவுண்டு பெஸ்ட்.

எங்க மாடில வடமேற்கு பக்கம் ராத்திரி பன்னெண்டு மணிக்கும் ஆரஞ்சு கலர்ல விடியற மாதிரி இருக்கும், அதான் பெங்களூர். அந்த பக்கத்த நான் பாக்கறதே இல்ல, தெக்க மட்டும்தான் என் வானம்.

---

பென்னாகரத்தான்:

எனக்கு ஒண்ணு புரியல. டவுனுக்கு நடுவுல வச்சு எதுக்கு காட்டணும்? டீக்கடைல ஒகேனக்கல் படம் மாட்டியிருப்பான், அத பாத்துட்டு அருவில குளிச்சேன்னு சொல்ற மாதிரி இருக்கு. எங்க பக்கம் வாங்க, ஒரு பைசா செலவில்ல, டெலஸ்கோப்பே வேண்டாம், கயித்து கட்டில போட்டு படுத்தா போதும். இப்ப தை மாசத்துல தலைக்கு மேல கார்த்திகை, கண்ணு நல்லா இருந்தா ஆறும் தனித்தனியா எண்ணலாம், ஆறாமீன்னு பேரே அதுக்குத்தான். அதுக்கு கீழ ரோகிணி செவப்பா, அப்புறம் மிருகசீரிடம், திருவாதிரை. தெக்க பாத்தா அகத்தியர் நட்சத்திரம், வெள்ளையா, கல்லு மாதிரி. டெல்லிக்காரனுக்கு அது தரைய ஒட்டிக்கிட்டு எட்டு ஒம்போது டிகிரிலதான் வரும், நமக்கு நல்லா மேல வருது. சித்திரை வைகாசில வந்தீங்கன்னா தெக்க சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம், ஆடிக்கு மேல மழை விட்ட ராத்திரில பால்வீதி பொகை மாதிரி போகும். டவுன்காரங்க கரண்டு போனா மட்டும்தான் வானத்த நிமிந்து பாக்கறாங்க.

எங்க ஊர்லயும் இப்ப எல்இடி போட்டுட்டாங்க, அது வேற கதை.

---

தக்காளி_மண்டி:

நம்ம பாலக்கோட்டுல காலைல மூணு மணிக்கு லோடு ஏத்தறப்ப தினம் நட்சத்திரம் பாக்கறோம் சார், ஒருத்தனும் எங்கள கூப்பிட்டு பாராட்டல 😂 26-ந்தேதி வர்றேன், எங்க வைக்கறீங்கன்னு மட்டும் போடுங்க.

---

ஊத்தங்கரை_டு_பெசன்ட்நகர்:

பென்னாகரத்து அண்ணன் சொல்றதுல தப்பு இல்ல, ஆனா ரெண்டு வேற வேற விஷயத்த ஒண்ணா போட்டு கலக்கறாரு. நான் மெட்ராஸ்ல பெசன்ட் நகர் பீச்ல மாசத்துக்கு ஒரு ரெண்டு நாள் டெலஸ்கோப் வைக்கறவன், ஆறு வருஷமா. அங்க வெறுங்கண்ணால எண்ணிப்பாத்தா முப்பது நட்சத்திரம் தேறுனா அதிசயம். ஆனா நிலாவும் வியாழனும் அங்க எப்படி தெரியுதோ அதே மாதிரிதான் உங்க பென்னாகரத்துலயும் தெரியும்.

ஏன்னா நிலாங்கறது வெயில் அடிக்கற பாறை, அவ்ளோதான். அது மேல நண்பகல் வெயில் விழுது. வியாழனும் அப்படித்தான். அந்த பளீர்னு இருக்கறத தெருவிளக்கு ஒண்ணும் பண்ண முடியாது. டவுன் வெளிச்சம் எத சாகடிக்குதுன்னா பால்வீதி, நெபுலா (வாயு, தூசி மேகம்), கேலக்சி, இந்த மாதிரி மங்கலா பரவி கெடக்கறத. சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல சுண்ணாம்பாலயே எழுதுனா எழுத்து எங்க தெரியும். அதனால டவுன்ல ஆண்ட்ரோமெடா கேலக்சிய காட்டறேன்னு கெளம்பாதீங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி ஒண்ணுமே இல்லம்பாங்க. நிலா, வியாழன், அப்புறம் மிருகசீரிடத்துக்கு கீழ ஓரியன் நெபுலா மட்டும் டவுன்லயும் லேசா பொகை மாதிரி தெரியும், அதுக்கும் பழகுன கண்ணு வேணும்.

இன்னொரு விஷயம் ஆளுங்க. வத்தல்மலைக்கு டெலஸ்கோப்ப கொண்டு போனீங்கன்னா அங்க யார் வருவா, ஏற்கனவே ஆர்வம் இருக்கற நாலு பேரு பைக்ல வருவான். காய்கறி வாங்கிட்டு போற அம்மா வருமா, பஸ்ஸுக்கு நிக்கற காலேஜ் பொண்ணு வருமா? ஜான் டாப்சன்னு ஒருத்தர், இப்ப டாப்சோனியன்னு சொல்றோமே அந்த ஸ்டாண்டு அவர் பேருதான். சான்பிரான்சிஸ்கோல வேதாந்த மடத்துல 23 வருஷம் துறவியா இருந்தவரு, கப்பல் ஜன்னல் கண்ணாடிய கையாலயே தேச்சு டெலஸ்கோப் பண்ணாரு. மடத்த விட்டு வெளிய வந்த பிறகு 1968-ல ரெண்டு பசங்களோட சேந்து நடைபாதைல டெலஸ்கோப் வைக்கற குரூப் ஆரம்பிச்சாரு. பெரிய ஊர்ல, தெருவிளக்குக்கு கீழ. அங்கதான் ஜனம் இருக்குதுங்கறது அவர் கணக்கு.

மெட்ராஸ்லயே பாருங்க, இன்னிக்கு நுங்கம்பாக்கம்னா டிராஃபிக். 1792-ல அங்கதான் மெட்ராஸ் அப்சர்வேட்டரி கட்டுனாங்க, அந்த கருங்கல் தூண் இன்னும் வானிலை ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள நிக்குது, தமிழ் தெலுங்குல எல்லாம் கல்வெட்டு இருக்கும். அங்க தலைமை வானியலாளரா இருந்த போக்சன் 1861-ல அங்க இருந்துதான் ஒரு சிறுகோள கண்டுபிடிச்சு ஆசியான்னு பேர் வச்சாரு. அவர்கிட்ட வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல வெளிச்சம் கூடி கொறையற ஒரு நட்சத்திரத்த கண்டுபிடிச்சாரு. இப்ப அதே எடத்துல நின்னு பாத்தா ஹோர்டிங் தான் தெரியும். சரி அத விடுங்க.

கூட்டத்த சமாளிக்கறது பத்தி கேட்டீங்க. அங்கதான் உண்மையான வேலையே. ஒரு ஆள் கண்டிப்பா கூட வேணும், ஒருத்தர் டெலஸ்கோப்ப பாத்துக்கணும், இன்னொருத்தர் லைன பாத்துக்கணும். வர்ற அத்தனை பேரும் மொதல்ல பண்றது குழாய ரெண்டு கையால புடிக்கறது, நிலா ஓடியே போயிடும். "கைய பின்னாடி கட்டிக்கோங்க, கோயில்ல மாதிரி"ன்னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுக்கறாங்க. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு குழந்தைங்களுக்கு. கண்ணாடி போட்டவங்கள கழட்ட சொல்லுங்க, அவங்களே ஃபோகஸ் திருகிக்கட்டும், ஆனா ஆஸ்டிக்மாட்டிசம் (கருவிழி வளைவு ஒழுங்கா இல்லாத பார்வை கோளாறு) ஜாஸ்தி இருக்கறவங்க கழட்டுனா தெளிவா தெரியாது, அவங்க போட்டுக்கட்டும். பூமி சுத்தறதால 35 மடங்குல அஞ்சு நிமிஷம் கூட ஒரே எடத்துல நிக்காது, நூறு மடங்குக்கு மேல போனா ரெண்டு நிமிஷத்துல வட்டத்த விட்டு ஓடிடும், அதனால ரெண்டு மூணு பேருக்கு ஒருதரம் நீங்க எட்டி பாத்து சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். அப்புறம் எல்லாரும் போன் கேமராவ ஐபீஸ்ல வச்சு போட்டோ கேப்பாங்க, அத லைன் முடிஞ்ச பிறகுன்னு கறாரா சொல்லிடுங்க, இல்லன்னா ஒரு ஆளுக்கு பத்து நிமிஷம்.

நிலாவுல கொடி தெரியுமா, சந்திரயான் தெரியுமான்னு நூறு பேர் கேப்பாங்க. நம்ம கையில இருக்கற டெலஸ்கோப்ல ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு சின்னதா இருந்தா எதுவும் தெரியாது. விக்ரம் லேண்டர் ஒரு ஆட்டோ சைசு. ஆனா 26-ந்தேதி ராத்திரி வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல ஏபெனைன் மலைத்தொடர் பிரமாதமா தெரியும், அந்த மலை அடிவாரத்துலதான் 1971-ல அப்போலோ 15 எறங்குச்சு, அத காட்டி சொல்லுங்க. பௌர்ணமிக்கு வைக்காதீங்க, நெழல் இல்லாம வெள்ளை தட்டு மாதிரி இருக்கும்.

---

நாலுரோடு_பையன்:

ஐயோ இவ்ளோ விவரம் வரும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் தேங்க்ஸ். ஓசூர் அண்ணா நீங்க சொன்ன மாதிரி செல் டவர வச்சு ஃபைண்டர சரி பண்ணேன், அன்னிக்கு ராத்திரியே வியாழன் மாட்டுச்சு!! ரெண்டு வருஷமா வச்சிருக்கேன், ரெண்டு நிமிஷ வேலை. புதுசு வாங்கறத தள்ளி வச்சுட்டேன், இதுலயே 26 பண்றேன்.

இன்னொரு சந்தேகம். எங்க சித்தப்பா சொல்றாரு, நம்ம ஊர்ல கிரகம்னு சொன்னா எல்லாரும் ஜாதகத்த தூக்கிட்டு வந்துடுவாங்க, சனிய காட்டறேன்னு சொன்னா அடிக்க வருவாங்கன்னு. என்ன பண்றது?

---

ராயக்கோட்டை_வாத்தியார்:

தம்பி, நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல அறிவியல் எடுத்தவன், ஜாதகக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்கன்னுதான் சொல்லுவேன். அவர்தான் உங்க கூட்டத்துலயே கிரகத்தோட பேர் தெரிஞ்ச ஒரே ஆளா இருப்பாரு. இப்ப பஞ்சாங்கத்துல குரு மிதுனத்துல வக்ரம்னு போட்டிருக்கும். வானத்துல பாத்தாலும் வியாழன் மிதுனத்துலதான், புனர்பூசத்து ரெண்டு நட்சத்திரத்துக்கு பக்கத்துல. "ஐயா நீங்க சொல்ற குரு இதோ, பாருங்க"ன்னு காட்டுங்க. அப்புறம் வக்ரம்னா என்னன்னு அவர்கிட்டயே கேளுங்க, பின்னால போறதும்பாரு. அப்ப நீங்க தொப்பூர் கணவாய சொல்லுங்க. மெதுவா போற லாரிய நம்ம பஸ் ஓவர்டேக் பண்றப்போ ஜன்னல்ல பாத்தா லாரி பின்னால போற மாதிரி இருக்கும், லாரி எங்க பின்னால போச்சு? பூமி உள்வட்டத்துல வேகமா போகுது, வியாழன் வெளிவட்டத்துல 12 வருஷத்துக்கு ஒரு சுத்து, நாம தாண்டறப்போ அது பின்வாங்கற மாதிரி தெரியுது. மார்ச் பத்து வாக்குல மறுபடி நேரா போகும். எங்க பசங்களுக்கு இப்படி சொன்னா ஒரே தரத்துல ஏறும்.

சனி விஷயம், நவம்பர்ல நீங்க ஊசி மாதிரி பாத்தீங்களே அது சனியோட குத்தம் இல்ல. 2025 மார்ச்ல வளையம் நமக்கு நேர் விளிம்பா வந்துச்சு, தோசைய பக்கவாட்டுல பாத்த மாதிரி. ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒருமுறை அப்படி வரும். இனிமே வருஷா வருஷம் திறந்துகிட்டே போயி 2032-ல நல்லா விரிஞ்சு நிக்கும். இப்ப மேற்க சாயந்தரம் கொஞ்ச நேரம்தான் இருக்கு.

பென்னாகரத்தாருக்கு ஒரு வார்த்தை. இருட்டு கிராமத்துல பத்திரமா இருக்குன்னு நினைக்காதீங்க. எங்க பக்கம் சாமந்தி தோட்டத்துல ராத்திரி பல்பு போட்டு விடறாங்க. சாமந்தி பகல் குறைஞ்சாதான் மொட்டு விடற செடி, வெளிச்சம் காட்டி அத ஏமாத்தி மார்க்கெட் விலை பாத்து பூக்க வைக்கறாங்க. ஏக்கர் கணக்குல சீரியல் லைட்டு போட்ட மாதிரி இருக்கும். விவசாயிய குத்தம் சொல்ல மாட்டேன், அவன் பொழப்பு. ஆனா என் வீட்டு வாசல்ல இருந்து தெரிஞ்ச வானம் போச்சு.

முடிஞ்சா பசங்கள ஒரு சனிக்கிழமை காவலூர் கூட்டிட்டு போங்க, திருப்பத்தூர் ஆலங்காயம் வழி. 1986-ல வச்ச 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் அங்க இருக்கு. அதுக்கு முன்னாடியே, 1977-ல யுரேனஸுக்கு வளையம் இருக்கறத பாத்த எடங்கள்ல காவலூரும் ஒண்ணு. நம்ம ஊருக்கு பக்கத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு ஓசூர்ல பாதி பேருக்கு தெரியாது. பொதுமக்களுக்கு சனிக்கிழமைல அனுமதி, போறதுக்கு முன்ன கேட்டுக்கோங்க.

முக்கியமா, டெலஸ்கோப்ப பகல்ல ஆளில்லாம விட்டுட்டு போகாதீங்க, யாராச்சும் சூரியன பக்கம் திருப்பி கண்ண வச்சா அந்த கண்ணு அவ்ளோதான். ஐபீஸ்ல மாட்டற சன் ஃபில்டர்னு டப்பாவுல ஒண்ணு குடுத்திருந்தா சுத்தியால அடிச்சு உடைச்சு போடுங்க, சூட்டுல அது நடுவுல விரிசல் விடும்.

---

நாலுரோடு_பையன்:

26 முடிஞ்சுதுங்க!! பெங்களூருக்கு பஸ்ல உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

ஸ்கூல் கிரவுண்டு கேட்டுக்கு வெளிய, டீக்கடைக்கு எதுத்தாப்புல வச்சேன். எச்எம் சார்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். கூட சித்தப்பா, தக்காளி மண்டி அண்ணன் (நிஜமாவே வந்துட்டாரு, கூட ரெண்டு பேர் வேற). ஆறரைக்கு வச்சா ஏழு மணி வரைக்கும் ஒருத்தரும் வரல. எல்லாரும் தள்ளி நின்னு பாக்கறாங்க, என்னமோ சர்வே எடுக்கறாங்கன்னு நினைச்சுட்டாங்க, ரோடு அகலப்படுத்தறாங்களான்னு ஒருத்தர் வந்து சீரியஸா கேட்டாரு. அப்புறம் டீக்கடை பையன் வந்தான், வியாழன பாத்தான், "அண்ணா பக்கத்துல கொசு மாதிரி என்னமோ இருக்கு"ன்னான், அதெல்லாம் அதோட நிலாடான்னேன், அவன் போய் கடைல கத்துனான் பாருங்க, அதுக்கப்புறம் ஒம்போதரை வரைக்கும் நான் தண்ணி குடிக்கல.

ஒருத்தர் பாத்துட்டு நேரா முன்னாடி போய் குழாய் வாயில கைய விட்டு பாத்தாரு, உள்ள படம் ஏதாச்சும் ஒட்டியிருக்கானான்னு. கண்ணாடில கை படாம இருந்தது என் அதிர்ஷ்டம். எவ்ளோ டிக்கெட்டுன்னு எத்தன பேர் கேட்டாங்கன்னு கணக்கே இல்ல, ஃப்ரீன்னா சந்தேகப்படறாங்க. ரோந்து வண்டி வந்து நின்னுச்சு, எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏட்டய்யா எறங்கி வந்து என்னப்பா இதுன்னாரு, பாருங்க சார்னேன், பாத்துட்டு வண்டில இருந்த இன்னும் ரெண்டு பேர கூட்டிட்டு வந்து வரிசைல நின்னாரு.

சனிதான் பெரிய காமெடி. எட்டு மணிக்கு முன்ன மேற்க இன்னும் இருந்துச்சு, சரின்னு திருப்புனேன். சனின்னு சொன்னதும் ரெண்டு அம்மா பின்னாடி போயிட்டாங்க, சன்னதில கூட நேருக்கு நேர் நிக்க மாட்டோம், இதுல கண்ணு வச்சு பாக்கறதான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எங்க சித்தப்பா, இவ்ளோ நாள் என்ன கிண்டல் பண்ணவரு, டக்குனு சொன்னாரு, "யம்மா நல்லா பாருங்க, குழாய் வானத்த பாக்குது, நீங்க சைடுல நின்னு சைடு ஓட்டைலதான பாக்கறீங்க, நேரா எங்க பாக்கறீங்க"ன்னு. உள்ள கண்ணாடி பட்டு திரும்பி வர்றதுதான், அதனால அவர் சொன்னது ஒருவகைல சரிதான். ரெண்டு பேரும் கன்னத்துல போட்டுகிட்டு பாத்தாங்க. அந்த ஊசி கோடு 76 எம்எம்ல கொஞ்சம் கஷ்டப்பட்டுதான் தெரிஞ்சுது, ஆனா தெரிஞ்சுதுன்னாங்க.

நிலாவ எட்டே முக்காலுக்கு காட்டுனேன். பூ விக்கற பாட்டி ஒண்ணு, கூடைய எறக்கி வச்சுட்டு பாத்துச்சு, ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "இன்னாடா கண்ணு இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி கீது"ன்னுச்சு. பின்னால லைன்ல கத்தறாங்க, நகரு நகருன்னு, பாட்டி நகரவே இல்ல. நாப்பது வருஷமா இந்த எடத்துலதான் உக்காந்து பூ கட்டறேன், மேலதான இருந்துச்சு இதுன்னுச்சு. மூணு தரம் லைன்ல வந்துச்சு பாட்டி, மூணாவது தரம் பேத்திய இழுத்துட்டு.

டீக்கடைக்காரர் நான் கேக்காமயே வெளிய இருந்த டியூப்லைட்ட அமத்திட்டாரு. ஹைமாஸ் மட்டும் அப்படியே எரிஞ்சுகிட்டு இருந்துச்சு, அது எங்க அமத்தறதுன்னு யாருக்கும் தெரியல.

ஸ்டாண்டு ஸ்க்ரூ ஒண்ணு கூட்டத்துல விழுந்து காணாம போச்சு, மிச்ச நேரம் கயிறு கட்டித்தான் ஓட்டுனேன்.

---

ஓசூர்_மொட்டமாடி:

ஸ்க்ரூ எந்த சைஸ்னு போட்டோ அனுப்புங்க, எங்கிட்ட ஒரு டப்பா நெறைய இருக்கு. சித்தப்பாவ அடுத்த தரம் ஓசூருக்கு கூட்டிட்டு வாங்க.

---

ஊத்தங்கரை_டு_பெசன்ட்நகர்:

அந்த சனி டயலாக்க நான் திருடிக்கறேன் தம்பி. ஆறு வருஷமா பீச்ல இதுக்கு பதில் தெரியாம முழிச்சுட்டு இருக்கேன்.

---

பென்னாகரத்தான்:

சரி ஒத்துக்கறேன். பூக்கார பாட்டி எங்க ஊருக்கு நட்சத்திரம் பாக்க வந்துருக்காது.

மார்ச் 3-ந்தேதி சந்திர கிரகணம் வருது, முழு கிரகணம் நமக்கு நிலா எழும்பறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும், ஆனா சூரியன் விழற நேரத்துக்கு நிலா கடிபட்டபடியே கிழக்க எழும்பும், 6:47-க்கு விட்டுடும். இருபது நிமிஷம்தான், கிழக்க மரம் மலை எதுவும் மறைக்கக்கூடாது, உங்க டீக்கடைல நின்னா மாடி வீடு மறைச்சுடும். எங்க ஏரிக்கரைல கிழக்கு பக்கம் தொறந்து கெடக்கு. வர்றீங்களா?

---

நாலுரோடு_பையன்:

செவ்வாக்கிழமை அண்ணா, லீவு போடணும். போட்டுடறேன். பாட்டிக்கு வண்டில எடம் இருக்கு, கிரகண நேரத்துல வெளிய வருமான்னுதான் தெரியல, கேட்டு சொல்றேன்.